பாதியில் நின்ற கப்பல்களும் விமானந்தாங்கிகளின் பிறப்பும்

1922 மார்ச் 8 அன்று வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படைத் துறையில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் கப்பல் வரலாற்று நூல்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. ரியர் அட்மிரல் டேவிட் டெய்லரும் ரியர் அட்மிரல் ஜான் ராபிசனும் இரண்டு கப்பல் மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். மேலே இருப்பது, 16 அங்குலப் பீரங்கிகள் எட்டைச் சுமப்பதற்காகத் திட்டமிடப்பட்ட லெக்சிங்டன் வகைப் போர்க் குரூசர். கீழே இருப்பது, அதே கப்பலை விமானந்தாங்கியாக மாற்றினால் எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரி. அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்புதான் வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மேலே இருந்த கப்பலைக் கட்டி முடிக்க இனி அனுமதி இல்லை.

இரண்டாம் உலகப் போரின் கடற்போர்களைத் தீர்மானித்த விமானந்தாங்கிகளின் வரலாறு, பெரும்பாலும் இப்படிப் பாதியில் நின்ற கப்பல்களிலிருந்தே தொடங்குகிறது. பிரிட்டனின் ஃபியூரியஸ், ஈகிள், அமெரிக்காவின் லெக்சிங்டன், சரடோகா, ஜப்பானின் அகாகி, காகா, பிரான்சின் பெயார்ன் ஆகிய அனைத்தும் பீரங்கிப் போருக்காகத் தொடங்கப்பட்டு நடுவழியில் திசை மாறியவை. அதே காலத்தில் விமானந்தாங்கிக்கென்றே முதலிலிருந்து வடிவமைக்கப்பட்ட கப்பல்களும் இருந்தன. இந்த இரண்டு வகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. தேவையைக் கணக்கிட்டுக் கட்டிய கப்பல்கள் பெரும்பாலும் போதாமல் போயின. வேறு தேவைக்காகக் கட்டத் தொடங்கிய பெரிய, வேகமான கப்பல்களே எதிர்காலத்துக்கு இடம் கொடுத்தன. அது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஃபியூரியஸ்: ஒரு கப்பல், மூன்று உருவங்கள்

1915 ஜூனில் ஃபியூரியஸின் கட்டுமானம் தொடங்கியபோது விமானம் அதன் திட்டத்தில் முக்கியப் பங்கு வகிக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஜான் ஃபிஷர், ஆழம் குறைந்த பால்டிக் கடலில் ஜெர்மனியின் கரையைத் தாக்க வேகமும் பெரும் பீரங்கியும் கொண்ட இலகுவான கப்பல்களை விரும்பினார். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டே பீரங்கிகள், ஒவ்வொன்றும் 18 அங்குல வாய் அகலம் கொண்டவை. இதுதான் ஃபியூரியஸின் ஆயுதம். கவசம் மெலிந்தது. வேகமோ 30 நாட் (மணிக்குக் கடல் மைல்) அளவுக்கும் மேல்.

1917 மார்ச்சில், கப்பல் முடியும் தறுவாயில், முன்பக்கப் பீரங்கி வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்த இடத்தில் விமானங்கள் ஏறிப் பறக்கச் சாய்வான தளம் ஒன்று அமைக்கப்பட்டது. பின்பக்கத்து 18 அங்குலப் பீரங்கி அப்படியே நின்றது. அன்றைய விமானங்களுக்குக் கப்பலிலிருந்து கிளம்பத்தான் வழி இருந்தது. திரும்பி வந்து இறங்க வழியில்லை. பறந்து முடித்ததும் கரையைத் தேடிப் போக வேண்டும், இல்லையென்றால் கடலில் இறங்கி மீட்புப் படகுக்குக் காத்திருக்க வேண்டும்.

இதை மாற்ற முயன்றவர் ஸ்குவாட்ரன் கமாண்டர் எட்வின் டன்னிங். 1917 ஆகஸ்ட் 2 அன்று ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்தில், காற்றை எதிர்த்துச் சென்றுகொண்டிருந்த ஃபியூரியஸின் பக்கவாட்டில் தன் சாப்வித் பப் விமானத்தைப் பறக்கவிட்டு, மேல்கட்டுமானத்தைச் சுற்றி வளைந்து, முன்தளத்தின்மேல் கொண்டுவந்தார். தளத்தில் நின்றவர்கள் விமானத்தில் கட்டியிருந்த வார்களைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் விமானம் இறங்கியது உலகில் அதுவே முதல் முறை. ஐந்து நாட்கள் கழித்து மீண்டும் முயன்றபோது விமானம் தளத்திலிருந்து வழுவிக் கடலில் விழ, டன்னிங் உயிரிழந்தார்.

அவருடைய மரணம் கடற்படைக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. ஏறுவதற்கு ஒரு தளம் இருந்தால் போதாது. இறங்கவும் தனித் தளம் வேண்டும். பின்பக்கப் பீரங்கியும் அகற்றப்பட்டு, 1918 மார்ச்சில் ஃபியூரியஸ் இரண்டு தளங்களோடு திரும்பியது. ஆனால் நடுவில் புகைபோக்கியும் கட்டளைக் கோபுரமும் பழைய இடத்திலேயே நின்றன. அவற்றைச் சுற்றிச் சுழன்ற காற்றும் புகைபோக்கியின் வெப்பமும் இறங்க வந்த விமானங்களைப் புரட்டிப்போட்டன. அப்படியும் 1918 ஜூலை 19 அன்று ஃபியூரியஸிலிருந்து கிளம்பிய ஏழு சாப்வித் கேமல் விமானங்கள், அன்று ஜெர்மனியின் வசமிருந்த டோண்டெர்ன் தளத்தில் இரண்டு செப்பலின் வான்கப்பல்களை எரித்தன. விமானந்தாங்கியிலிருந்து கரைமீது நடத்தப்பட்ட முதல் தாக்குதல் அது. அதிலும் ஒரு விமானம்கூடக் கப்பலில் வந்து இறங்கவில்லை. சில டென்மார்க்கில் தரையிறங்கின, சில கடலில் இறங்கின.

முழு நீளத் தட்டைத் தளத்தோடு ஃபியூரியஸ் மூன்றாம் முறை உருமாறியது 1921-க்கும் 1925-க்கும் இடையில். ஒரே கப்பலை மூன்று முறை அறுத்துக் கட்ட முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தவறும் அடுத்த வடிவத்துக்குப் பாடமாகியது. அந்தப் பாடங்களைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு அதன் உடற்கூடு பெரியதாக இருந்தது.

புகைபோக்கியை எங்கே வைப்பது?

ஃபியூரியஸ் எழுப்பிய கேள்விக்கு இரண்டு பதில்கள் ஒரே நேரத்தில் தேடப்பட்டன. முதலாவது ஆர்கஸ். இத்தாலிக்காக ஸ்காட்லாந்தில் தொடங்கப்பட்டு, முதல் உலகப் போரால் நின்றுபோன கோன்டே ரோஸ்ஸோ என்ற பயணிகள் கப்பலை 1916-இல் பிரிட்டிஷ் கடற்படை வாங்கியது. மேலே எதுவும் நீட்டிக்கொண்டிராத, முற்றிலும் தட்டையான தளத்தோடு 1918 செப்டம்பரில் அது முடிந்தது. புகையைக் கிடைமட்டக் குழாய்கள் வழியாகப் பின்புறம் கொண்டுபோனார்கள். காற்றோட்டச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் குழாய்கள் கப்பலின் உள்ளே இடத்தைத் தின்றன. சுற்றியிருந்த அறைகள் சூடேறின.

இரண்டாவது பதில் ஈகிள். சிலி நாட்டுக்காக ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் 1913-இல் தொடங்கிய அல்மிரான்டே கோக்ரேன் என்ற போர்க்கப்பல் அது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் வேலை நின்றது. 1918 தொடக்கத்தில் பிரிட்டன் அதை விலைக்கு வாங்கி விமானந்தாங்கியாக மாற்றத் தொடங்கியது. இதில் புகைபோக்கி, பாய்மரம், கட்டளை மேடை அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தளத்தின் வலப்புற ஓரத்தில் நிறுத்தினார்கள். அன்றைய விமானிகள் இறங்கும் முயற்சி தவறினால் இடப்புறம் திரும்புவதையே விரும்பினார்கள் என்பது வலப்புறத்தைத் தேர்ந்ததற்குச் சொல்லப்படும் காரணம். இந்த யோசனையைச் சோதிக்க ஆர்கஸின்மேல் மரத்தாலும் கித்தானாலும் ஒரு போலிக் கோபுரம் எழுப்பிப் பார்த்தார்கள். 1920-இல் அரைகுறையாக நின்ற ஈகிளையே கடலுக்குக் கொண்டுபோய் விமானங்களை இறக்கிப் பார்த்தார்கள். சோதனை வென்றது. இன்று உலகில் மிதக்கும் பெரிய விமானந்தாங்கிகளில் கட்டளைக் கோபுரம் வலப்புறத்தில் நிற்பதற்கு அந்தச் சோதனைகளே அடிப்படை.

போர் முடிந்ததும் சிலி தன் கப்பலைத் திரும்பக் கேட்டது. மீண்டும் போர்க்கப்பலாக்கும் செலவு கட்டுப்படியாகாததால் ஈகிள் பிரிட்டனிடமே தங்கி 1924-இல் பணியில் சேர்ந்தது. அதன் குறை வேகம். போர்க்கப்பலின் உடற்கூட்டில் அது 24 நாட் வேகத்தையே எட்டியது. இந்த எண்ணின் முக்கியத்துவம் பின்னால் தெரியவரும்.

ஆயுதக் குறைப்பு கொடுத்த கப்பல்கள்

1921 நவம்பர் 12 அன்று வாஷிங்டன் மாநாட்டின் தொடக்க உரையில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், கட்டிக்கொண்டிருக்கும் பெரும் போர்க்கப்பல்களைக் கைவிட வேண்டும் என்று முன்மொழிந்தார். முதலில் அமெரிக்காவே தன் கப்பல்களைக் கைவிட முன்வருகிறது என்றும் அறிவித்தார். 1922 பிப்ரவரி 6 அன்று அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன.

விமானந்தாங்கிகளுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. மொத்தமாக அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,35,000 டன், ஜப்பானுக்கு 81,000 டன், பிரான்சுக்கும் இத்தாலிக்கும் தலா 60,000 டன். ஒரு கப்பல் 27,000 டன்னைத் தாண்டக் கூடாது. ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு இருந்தது. கைவிடப்பட வேண்டிய போர்க்கப்பல்களைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு நாடும் 33,000 டன்வரை இரண்டு விமானந்தாங்கிகளைக் கட்டிக்கொள்ளலாம். லெக்சிங்டன் வகையின் ஆறு போர்க் குரூசர்கள் அமெரிக்கத் தளங்களில் அரைகுறையாக நின்றுகொண்டிருந்ததை மனத்தில் வைத்தே அமெரிக்கா இந்த விலக்கைக் கேட்டுப் பெற்றது. அவற்றின் உடற்கூடு 27,000 டன்னுக்குள் அடங்காது.

33,000 டன்னுக்குள்ளும் அவை அடங்கவில்லை. போர்க்கப்பல்களுக்கு வான்தாக்குதலிலிருந்தும் நீர்மூழ்கிகளிலிருந்தும் பாதுகாப்புச் சேர்க்க 3,000 டன் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தின் வேறொரு பிரிவு சொன்னது. அமெரிக்கக் கடற்படை அந்தப் பிரிவைத் தன் இரண்டு விமானந்தாங்கிகளுக்கும் பொருத்திக்கொண்டது. அதிகாரபூர்வப் பட்டியல்களில் 33,000 டன் என்று எழுதப்பட்டாலும் உண்மையான எடை ஏறத்தாழ 36,000 டன். ஆறில் இரண்டு தப்பின. மசாசூசெட்ஸின் குவின்சியில் லெக்சிங்டனும், நியூஜெர்சியின் கேம்டனில் சரடோகாவும் கட்டப்பட்டன. மற்ற நான்கும் உடைக்கப்பட்டன.

பிரிட்டனிடம் இந்த விலக்கைப் பயன்படுத்தத் தோதான, பாதியில் நின்ற பெரிய கப்பல் எதுவும் இல்லை. ஃபியூரியஸின் உடன்பிறப்புகளாக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கரேஜியஸ், குளோரியஸ் ஆகியவற்றை அது பின்னாளில் மாற்றியது. இத்தாலி தன் ஃபிரான்செஸ்கோ கராச்சியோலோ என்ற முடியாத போர்க்கப்பலை மாற்றுவது பற்றி யோசித்துக் கைவிட்டது.

பீரங்கி போய் ஓடுதளம் வந்தபோது

பீரங்கிக் கப்பலை விமானந்தாங்கியாக்குவது தளத்தைப் பெயர்த்துப் பலகை விரிக்கும் வேலையன்று. எடை எங்கே இருக்கிறது என்பதே மாறிவிடுகிறது. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள பீரங்கி மேடைகளும் பக்கக் கவசத்தின் பெரும்பகுதியும் போய்விடுகின்றன. அவற்றுக்குப் பதிலாக, உயரத்தில் நீண்ட தளமும் அதன் கீழே விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரும் வருகின்றன. விமானப் பெட்ரோல் தொட்டிகள், குண்டுகளையும் விமானங்களையும் மேலேற்றும் மின்தூக்கிகள், நூற்றுக்கணக்கான பணியாளர்களுக்கு அறைகள் என்று எல்லாவற்றுக்கும் இடம் தேட வேண்டும்.

லெக்சிங்டனிலும் சரடோகாவிலும் கப்பலின் பக்கச் சுவர்களை ஓடுதளம்வரை உயர்த்தி, அந்தத் தளத்தையே உடற்கூட்டின் வலிமையில் ஒரு பகுதியாக்கினார்கள். 16 கொதிகலன்களின் புகையை வெளியேற்றத் தளத்தின் வலப்புறத்தில் பிரம்மாண்டமான ஒரு புகைபோக்கி எழுந்தது. அந்த எடைக்கு ஈடுகட்ட இடப்புறத் தொட்டிகளில் எரியெண்ணெயை நிரப்பியே வைத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு கப்பல்களும் ஒரே மாதிரி இருந்ததால் விமானிகள் வீடு தவறி இறங்காமலிருக்கச் சரடோகாவின் புகைபோக்கியில் அகலமான கருப்புப் பட்டை தீட்டினார்கள்.

எதிரிக் குரூசர்கள் நெருங்கிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அன்றைய வடிவமைப்பாளர்களை விடவில்லை. 8 அங்குலப் பீரங்கிகள் எட்டு, கோபுரத்துக்கு முன்னும் பின்னும் நின்றன. அவற்றை இடப்புறம் திருப்பிச் சுட்டால் குண்டு கிளம்பும் அதிர்வு சொந்த ஓடுதளத்தையே சேதப்படுத்தும். பழைய போர்முறை புதிய கப்பலில் விட்டுச்சென்ற அடையாளம் அது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் அந்தப் பீரங்கிகள் அகற்றப்பட்டன.

ஆனால் போர்க் குரூசர் விட்டுச்சென்ற மற்றொரு சொத்து விலைமதிப்பற்றது. டர்பைன்கள் மின்சாரம் உற்பத்தி செய்ய, அந்த மின்சாரம் எட்டு மோட்டார்களைச் சுழற்ற, 1,80,000 குதிரைத்திறனில் கப்பல் 33 நாட்டைத் தாண்டி ஓடியது. விமானந்தாங்கிக்கு வேகம் ஏன் வேண்டும்? விமானம் எழும்பத் தேவைப்படுவது இறக்கைகளின்மேல் பாயும் காற்று. 10 நாட் காற்றை எதிர்த்து 30 நாட் வேகத்தில் கப்பல் ஓடினால், நின்றுகொண்டிருக்கும் விமானத்தின்மேலேயே 40 நாட் காற்று வீசும். அது மணிக்கு 74 கிலோமீட்டர். விமானம் தானாகச் சேர்க்க வேண்டிய வேகம் மிகக் குறைவு. இறங்கும்போதும் அதே உதவி கிடைக்கும். காற்றே இல்லாத நாளில், 24 நாட்டில் ஓடும் ஈகிளுக்கும் 33 நாட்டில் ஓடும் லெக்சிங்டனுக்கும் உள்ள வேறுபாடு, குண்டு சுமந்த விமானம் எழும்புமா எழும்பாதா என்பதையே தீர்மானிக்கும்.

அந்த மின்நிலையத்தின் வலிமையை ஒரு நகரமே நேரில் கண்டது. 1929-இல் வறட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றிய டகோமா நகருக்கு, டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒரு மாதம் லெக்சிங்டன் துறைமுகத்தில் நின்றபடி 40 லட்சம் யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் கொடுத்தது.

நிலநடுக்கம் மாற்றிய தேர்வு

ஜப்பான் தன் பங்குக்கு அகாகி, அமாகி என்ற இரண்டு போர்க் குரூசர்களைத் தேர்ந்தெடுத்தது. அகாகி குரே தளத்திலும் அமாகி யோகோசுகா தளத்திலும் வளர்ந்துகொண்டிருந்தன. 1923 செப்டம்பர் 1 அன்று கான்டோ பெருநிலநடுக்கம் டோக்கியோவையும் யோகோஹாமாவையும் அழித்தது. யோகோசுகாவில் தாங்குகட்டைகள்மேல் நின்ற அமாகியின் உடற்கூடும் சீர்செய்ய முடியாதபடி சிதைந்தது. அதன் இடத்துக்கு வந்தது காகா. கோபேயில் 1921-இல் நீரில் இறக்கப்பட்டு, ஒப்பந்தப்படி உடைக்கப்படக் காத்திருந்த போர்க்கப்பல் அது. அதன் உடன்பிறப்பான தோசா ஆயுதச் சோதனைகளுக்கு இலக்காக்கப்பட்டு 1925-இல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

1927-இல் அகாகியும் 1928-இல் காகாவும் வெளிவந்தபோது அவற்றின் முகப்பு வேறெந்த நாட்டுக் கப்பலிலும் காணாத விதமாக இருந்தது. மேலே முதன்மைத் தளம், அதற்குக் கீழே ஹேங்கரிலிருந்து நேராகப் பறக்க இன்னும் இரண்டு தளங்கள் என்று மூன்று அடுக்குகள். ஒரே நேரத்தில் பல விமானங்களை அனுப்பலாம் என்பது எண்ணம். நடுத்தளம் மிகச் சிறியது. அங்கேயே பீரங்கி மேடைகளும் இருந்தன. விமானங்கள் கனமாகக் கனமாகக் கீழ்த்தளங்கள் இரண்டும் பயனற்றுப்போயின. காகாவின் புகைக்குழாய்கள் இரண்டு பக்கங்களிலும் பின்புறம்வரை ஓடியதால் அவற்றை ஒட்டிய அறைகளில் வெப்பம் தாங்க முடியாததாக இருந்தது.

இங்கும் ஃபியூரியஸின் கதை திரும்ப நடந்தது. காகா 1934-35-இலும் அகாகி 1935-38-இலும் முழுமையாக மாற்றிக் கட்டப்பட்டன. கீழ்த்தளங்கள் மூடப்பட்டு ஹேங்கர்கள் நீண்டன. மேல்தளம் கப்பலின் முழு நீளத்துக்கும் விரிந்தது. காகாவின் பின்புறம் நீட்டப்பட்டு வேகம் கூடியது. தொடக்கத்தில் 60 விமானங்களைச் சுமந்த கப்பல், இருப்பு விமானங்களையும் சேர்த்து 90-ஐத் தொட்டது. தவறான வடிவத்தைத் திருத்த அந்த உடற்கூடுகளில் இடம் இருந்தது.

மாற்றிக் கட்டுவது தன்னளவில் வெற்றிக்கு உத்தரவாதம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1914-இல் தொடங்கப்பட்ட நார்மண்டி வகைப் போர்க்கப்பலிலிருந்து பிரான்ஸ் உருவாக்கிய பெயார்ன் 1927-இல் பணிக்கு வந்தது. அதன் வேகம் 21.5 நாட்தான். வளர்ந்து வந்த விமானங்களுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலும் விமானங்களை ஏற்றிச்செல்லும் சரக்குக் கப்பலாகவே அது பயன்பட்டது. ஆக, எதிர்காலத்தைத் திறந்துவிட்டவை பருமனும் வேகமும் சேர்ந்து அமைந்த உடற்கூடுகளே.

கணக்கிட்டுக் கட்டியவை ஏன் போதவில்லை?

விமானந்தாங்கிக்கென்றே வடிவமைக்கப்பட்டு முதலில் பணிக்கு வந்தது ஜப்பானின் ஹோஷோ. 1922 டிசம்பரில் முடிந்த அதன் எடை 7,470 டன். அதற்கும் முன்பே தொடங்கப்பட்டு 1924-இல் முடிந்த பிரிட்டனின் ஹெர்மிஸ் 10,850 டன், 25 நாட், சுமார் 20 விமானங்கள். விமானங்களின் வேலை எதிரியைக் கண்டுபிடிப்பதும் பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று சொல்வதும்தான் என்று நம்பிய காலத்தில் இந்த அளவு போதும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

அமெரிக்காவின் நான்காவது விமானந்தாங்கியான ரேஞ்சர் இன்னும் தெளிவான சான்று. 1,35,000 டன்னில் லெக்சிங்டனும் சரடோகாவும் 66,000 டன்னை எடுத்துக்கொள்ள, மீதம் 69,000 டன். அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு கப்பலுக்கு 13,800 டன். அதிகக் கப்பல்கள் இருந்தால் அதிக விமானங்களைக் கொண்டுசெல்லலாம் என்ற இந்தக் கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் 1934-இல் ரேஞ்சர் பணிக்கு வந்தபோது அந்தக் கணக்கே காலாவதியாகியிருந்தது. வேகம் போதவில்லை, பாதுகாப்பு இல்லை, மோசமான கடலில் விமானங்களை இயக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் அதைப் பசிபிக் சண்டைகளுக்கு அனுப்பாமல் பெரும்பாலும் அட்லாண்டிக்கிலேயே வைத்திருந்தார்கள்.

இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன நடந்தது? லெக்சிங்டனும் சரடோகாவும் பயிற்சிக்குப் போயின. 1928 ஜனவரியில் சரடோகாவில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவர் மார்க் மிட்சர். பின்னாளில் பசிபிக்கின் விரைவு விமானந்தாங்கிப் படைக்குத் தளபதியானவர் அவர். 1929 ஜனவரியில் நடந்த பெரும் கடற்படைப் பயிற்சியில் ரியர் அட்மிரல் ஜோசப் ரீவ்ஸ் சரடோகாவை மெதுவான போர்க்கப்பல்களிலிருந்து பிரித்து, தெற்கே சுற்றிவந்து, விடியலுக்கு முன் ஏறக்குறைய 70 விமானங்களைப் பனாமா கால்வாயின் மதகுகள்மீது ஏவினார். நடுவர்கள் தாக்குதல் வெற்றி என்று தீர்ப்பளித்தார்கள். சரடோகா பின்னர் எதிரணிக் கப்பல்களின் பார்வையில் பட்டு மூழ்கியதாகவும் குறித்தார்கள். இரண்டு தீர்ப்புகளும் சேர்ந்ததே பாடம். விமானந்தாங்கி தனித்துத் தாக்க வல்லது, ஆனால் காக்கும் கப்பல்கள் அதோடு ஓட வேண்டும். 1932 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு விடியலில் அட்மிரல் ஹாரி யார்னெல் இதே இரண்டு கப்பல்களிலிருந்து பேர்ல் துறைமுகத்தின்மீது ஒத்திகைத் தாக்குதல் நடத்திக் காட்டினார்.

ஒரு சிறிய கப்பலால் இந்தச் சோதனைகளைச் செய்திருக்க முடியாது. எழுபது விமானங்களை ஒரே அலையாக ஏவுவது சாத்தியம் என்பதை, எழுபது விமானங்களைச் சுமக்கும் கப்பல் கையில் இருந்தால்தானே கண்டறிய முடியும்? ரேஞ்சரின் வரைபடத்தைத் தீட்டியவர்களுக்கு அந்த அனுபவம் கைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு 1937-இல் வந்த யார்க்டவுன் 19,800 டன், 1942-இல் வந்த எசெக்ஸ் 27,100 டன் என அமெரிக்க விமானந்தாங்கிகள் பெருத்ததற்கு லெக்சிங்டனிலும் சரடோகாவிலும் பெற்ற அனுபவமே அடித்தளம்.

நான்கு மாடிக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டுக் கீழ்த்தளத்தோடு நிறுத்தியவருக்குக் குடும்பம் பெருகும்போது மேலே கட்ட வழி இருக்கிறது. லெக்சிங்டன், சரடோகா, அகாகி, காகா ஆகிய நான்கும் அப்படிப்பட்ட அஸ்திவாரங்கள். 1928-இல் சரடோகாவில் பறந்த போயிங் எஃப்2பி போர் விமானத்தின் எடை ஏறத்தாழ 1.3 டன். 1944-இல் அதே தளத்திலிருந்து பறந்த ஹெல்கேட்டின் எடை அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். இந்த வளர்ச்சியை 1922-இல் யாரும் துல்லியமாகக் கணித்திருக்க முடியாது.

1942: மட்டக்களப்பும் மிட்வேயும்

இந்த இரண்டு வகைக் கப்பல்களும் தமிழ் பேசும் கரையோரத்தில் நேருக்கு நேர் மோதின. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளின் தலைமைக் கப்பல் அகாகி. 1942 ஏப்ரலில் வைஸ் அட்மிரல் நகுமோ அதே அகாகியில் இருந்தபடி ஐந்து விமானந்தாங்கிகளை இந்தியப் பெருங்கடலுக்குக் கொண்டுவந்தார். காகா அப்போது பாறையில் மோதிய சேதத்தைச் சீர்செய்ய ஜப்பான் திரும்பியிருந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9 காலை திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின.

தாக்குதல் வருகிறது என்ற எச்சரிக்கையால் முந்தின இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களின் கண்ணில் பட்டது. அதன் தளத்தில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. குண்டுவீச்சு விமானங்கள் சில நிமிடங்களில் அதை மூழ்கடித்தன. உடன் சென்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வாம்பயரும் மூழ்கியது. ஹெர்மிஸில் 307 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கியாகவே வரையப்பட்டு, அதற்கெனவே முதலில் கட்டத் தொடங்கப்பட்ட கப்பல் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது. 20 விமானங்களுக்கு அளவெடுத்த ஒரு காலத்தை, நூற்றுக்கணக்கான விமானங்களை ஒன்றாக ஏவக் கற்ற மற்றொரு காலம் வந்து வீழ்த்திய இடம் அது.

ஆனால் மாற்றிக் கட்டப்பட்ட கப்பல்களுக்கும் அவற்றுக்கே உரிய பலவீனங்கள் இருந்தன. அடுத்த இரண்டு மாதங்களில் அவை வெளிப்பட்டன. 1942 மே 8 அன்று பவளக் கடல் சண்டையில் லெக்சிங்டன் டார்பிடோக்களால் தாக்கப்பட்டது. அதன் உடற்கூடு அந்த அடிகளைத் தாங்கியது, கப்பல் தொடர்ந்து ஓடியது, விமானங்களும் இறங்கின. அதிர்வில் விரிசல் விட்ட பெட்ரோல் தொட்டிகளிலிருந்து கசிந்த ஆவி மூடிய உட்பகுதிகளில் பரவி, மின்மோட்டார்ப் பொறியில் வெடித்தது. அடுத்தடுத்த வெடிப்புகளில் கப்பல் இழக்கப்பட்டது. போர்க்கப்பல் வடிவமைப்பில் பெட்ரோல் ஆவி என்ற எதிரியே கிடையாது. மூடி அடைப்பதே பாதுகாப்பு என்பது பீரங்கிக் காலத்து அறிவு. விமானப் பெட்ரோலுக்கு அந்த அறிவு பொருந்தவில்லை.

ஜூன் 4 அன்று மிட்வேயில் அகாகியும் காகாவும் இதே வகையில் அழிந்தன. நான்கு பக்கமும் மூடிய ஹேங்கர்களில் எரிபொருள் நிரப்பிய, குண்டுகள் பொருத்திய விமானங்கள் நின்றிருந்தன. அகாகியை அழிக்க நேரடியாக விழுந்த ஒரே குண்டு போதுமானதாக இருந்தது. வெடிப்பின் வேகம் வெளியேற வழியில்லாமல் கப்பலுக்குள்ளேயே சுழன்றது. இந்த இடத்தில் ரேஞ்சருக்கும் நியாயம் செய்ய வேண்டும். பக்கங்கள் திறந்த ஹேங்கர் அமெரிக்கக் கப்பல்களில் முதலில் அமைந்தது ரேஞ்சரில்தான். யார்க்டவுனும் எசெக்ஸும் அதைப் பின்பற்றின. லெக்சிங்டனின் அழிவிலிருந்து கற்றவர்கள், மிட்வேயில் தாக்குதலுக்கு முன்பே யார்க்டவுனின் பெட்ரோல் குழாய்களைக் காலிசெய்து கார்பன் டை ஆக்சைடால் நிரப்பி வைத்தார்கள். முதலில் தாக்கப்பட்டபோது பெட்ரோல் தீ மூளவில்லை.

சரடோகா மட்டும் தாக்குப்பிடித்தது. 1942-இல் இருமுறை டார்பிடோ அடி வாங்கியும் மீண்டு வந்தது. 1944 மார்ச் இறுதியில் அது திருகோணமலைக்கே வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அகாகியின் படை தாக்கிய துறைமுகம். பிரிட்டிஷ் விமானந்தாங்கியான இலஸ்ட்ரியஸின் விமானிகள் சரடோகாவினரோடு சேர்ந்து பயின்று, ஏப்ரல் 19 அன்று சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கினார்கள். ஒரே ஒப்பந்தத்தின் ஒரே விலக்கிலிருந்து பிறந்த இரண்டு கப்பல்களில் ஒன்று திருகோணமலைக்குப் பகையாக வந்தது, மற்றொன்று துணையாக வந்தது. 1946 ஜூலை 25 அன்று பிகினி தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனையில் சரடோகா மூழ்கடிக்கப்பட்டது.

இடம் என்ற மூலதனம்

இந்த வரலாற்றைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஒப்பந்தம் இல்லையென்றால் லெக்சிங்டன் போர்க் குரூசராகவே முடிந்திருக்கும். நிலநடுக்கம் இல்லையென்றால் காகா பழைய இரும்பாகியிருக்கும். ஆனால் தற்செயல் கொடுத்தது வாய்ப்பை மட்டுமே. அந்த வாய்ப்பை அறிவாக்கியது, கிடைத்த கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சோதித்து, தவறை ஒப்புக்கொண்டு, மறுபடி அறுத்துக் கட்டிய மனிதர்களின் உழைப்பு. பெயார்னை வைத்திருந்த பிரான்சுக்கு அதன் வேகமும், ஹெர்மிஸையும் ஈகிளையும் வைத்திருந்த பிரிட்டனுக்கு அவற்றின் அளவும் வேகமும் அந்தச் சோதனைகளுக்கு எல்லை போட்டுவிட்டன.

வடிவமைப்பு வரலாற்றை எழுதுவோர், நோக்கத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திய படைப்பையே உச்சமாகக் கொண்டாடுவது வழக்கம். நோக்கம் நிலையாக நிற்கும் துறைகளுக்கு அந்த அளவுகோல் சரி. 1920-களின் வான்படை அப்படிப்பட்ட துறையன்று. விமானம் எவ்வளவு கனமாகும், எத்தனை விமானங்கள் ஒன்றாகப் பறக்கும், அவை எதைத் தாக்கும் என்ற எல்லாக் கேள்விகளும் திறந்தே இருந்தன. அத்தகைய நேரத்தில் அன்றைய அறிவுக்குக் கச்சிதமாக அளவெடுத்த ஹோஷோவும் ஹெர்மிஸும் ரேஞ்சரும் அந்த அறிவோடு சேர்ந்தே பழசாயின. யாரும் கேட்டுப் பெறாத கூடுதல் நீளமும் கூடுதல் குதிரைத்திறனும் கொண்ட கப்பல்கள், இன்னும் பிறக்காத விமானங்களுக்கு இடம் வைத்திருந்தன. எதிர்காலம் தெரியாத ஒரு தொழில்நுட்பத்தில் முதலீடு செய்யும் எந்த நாடும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இன்று நமக்குத் தெரிந்தது தவறு என்று நாளை தெரியவரும்போது, அதைத் திருத்திக்கொள்ள நாம் கட்டியதில் இடம் இருக்கிறதா?